ரத்தினபாய் கற்றுக்கொடுத்த பயம்

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்னால் புதர்க்காட்டை ஜேசிபி வைத்து வழித்த அன்று, தபால் ஆபீசிலிருந்து திரும்பிய லாசரஸ் ஒரு பூனைக்குட்டியை ஹெல்மெட்டுக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். கண் திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். தாய் வருமா என்று இருட்டும்வரை நின்று பார்த்தாராம். வரவில்லை.

அவர் மனைவி ரத்தினபாய், குரோம்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். பகலெல்லாம் பேசிவிட்டு வந்து, வீட்டில் வாயைத் திறக்கவே பிடிக்காது. குட்டி வந்த பிறகு அது மாறிப்போனது. இங்க் ஃபில்லரால் பால் ஊட்டிக்கொண்டே, "டைனி, இன்னிக்கு ஒரு ஆளு என்ன கேட்டான் தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். டைனி அவர் புடவையில் நகத்தைப் பதித்துக் கேட்டுக்கொண்டிருக்கும்.

தடுப்பூசி போடப் போன இடத்தில் கால்நடை மருத்துவர் சுப்ரஜா குட்டியின் நெற்றிக் கோடுகளையும், முதுகில் துருப்பிடித்தாற்போல் இருந்த புள்ளிகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இது வீட்டுப் பூனை இல்ல. துருப்புள்ளிப் பூனை. காட்டுல இருக்கவேண்டியது. இப்பல்லாம் ரொம்ப அபூர்வம். வீட்ல வெச்சுக்க சட்டத்துல இடமே இல்ல."

"யாருக்குத் தெரியப்போவுது? ஒரு மூலைல இருந்துட்டுப் போவட்டும்" என்றார் லாசரஸ். ரத்தினபாய்க்கும் அதே ஆசைதான். ஆனால் ஜன்னல் வலைக்கு வெளியே ஓடிய அணிலைப் பார்த்து டைனி பாயத் துடித்து உடம்பெல்லாம் நடுங்கப் பதுங்கியதைக் கண்ட பிறகு, அதை அடைத்துவைக்க அவருக்கு மனசு கேட்கவில்லை. வனத்துறைக்கு அவரே போன் செய்தார்.

வண்டலூர் தாண்டியிருந்த ஒரு மீட்பு மையத்தில் டைனியைச் சேர்த்தார்கள். அங்கே அது வைத்த தீனி எதையும் தொடவில்லை. மையத்துக்கு வந்துபோகும் சுப்ரஜா, ரத்தினபாயைக் கூப்பிட்டனுப்பினார். அவர் குரலைக் கேட்டதும் சாப்பிட்டது. வளர்ந்தது. புதர் வைத்த பெரிய கூண்டில் வெட்டுக்கிளி பிடித்தது, பிறகு எலி பிடித்தது. ஆனால் ரத்தினபாயின் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், பிடித்ததைப் போட்டுவிட்டு கம்பி வலைக்கு ஓடிவந்துவிடும். பேசாமல் இருந்து பார்த்தார். அப்போதும் வந்தது.

"மனுஷங்கள இப்படி நம்புச்சுன்னா வெளில உயிரோட இருக்காது அக்கா" என்றார் சுப்ரஜா. "எங்களப் பார்த்தா ஓடுது. உங்களப் பார்த்துதான் ஓட மாட்டேங்குது. நீங்கதான் விரட்டணும்."

"நானா?"

மறுநாள் ஜெபம் பண்ணிவிட்டு ஒரு தகரத் தட்டும் கரண்டியுமாகப் போனார். டைனி ஓடிவந்தது. ரத்தினபாய் தட்டை ஓங்கி அடித்தார். "போ! போயிடு!" அதற்குப் புரியவில்லை, அங்கேயே சுருண்டு உட்கார்ந்து அவரைப் பார்த்தது. வாளித் தண்ணீரை அள்ளி வீசினார். காதுகளை மடக்கி, பல்லைக் காட்டிச் சீறிவிட்டு அது புதருக்குள் பாய்ந்தது.

அன்று வண்டலூர் பஸ் ஸ்டாப்பில் வந்த பஸ்களையெல்லாம் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஏன் அடிக்க வந்தேன் என்று அதற்கு யார் சொல்வார்கள்? அது ஒன்றுதான் மனதை அறுத்தது. ஆனாலும் திரும்பத் திரும்பப் போனார். கடைசியில் தட்டை எடுக்கும் முன்பே டைனி ஒளிந்துகொண்டது.

செங்கல்பட்டுக்கு அப்பால் ஒரு புதர்க்காட்டில் விடும்போது, ஜீப்பை விட்டு இறங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அவரையும் அழைத்துப் போனார்கள். பெட்டியைத் திறந்தும் பூனை வெளியே வரவில்லை. ஒரு வார்த்தை கூப்பிட்டால் இப்போதும் தன்னிடம் வந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. ரத்தினபாய் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். மெதுவாக மூக்கு தெரிந்தது. அடுத்த நொடி, காய்ந்த புல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

மழைக்காலம் முடிந்து, காட்டில் கட்டிவைத்த கேமராவில் விழுந்த படம் ஒன்றை சுப்ரஜா போனில் அனுப்பினார். வாயில் எலியோடு ஒரு பூனை. நெற்றிக் கோட்டை வைத்து அதேதான் என்று உறுதி செய்திருந்தார்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த ரத்தினபாய் உடனே போன் போட்டார். "டாக்டர், ரொம்ப இளைச்சுப்போயிருக்கே?"

"காட்டுப் பூனை அப்படித்தான்க்கா இருக்கும்" என்று சிரித்தார் சுப்ரஜா.

ரத்தினபாய்க்கு அப்போதும் முழுசாக நம்பிக்கை வரவில்லை. லாசரஸிடமும் படத்தைக் காட்டி, வயிறு ஒட்டியிருக்கிறதா என்று கேட்டார்.