கிரேஸ் மார்க் வாங்கும் கை

இன்று காலை புனே பக்கத்துத் தேஹு ரோடு ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோ ஏறினேன். உள்ளே எங்கள் குவார்ட்டர்ஸ் மாலதி, மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு, ஆட்டோவில்!

"அவளால கையைத் தூக்க முடியலக்கா. சாஃப்ட்பால் டீம்ல இவதான் பிட்ச்சர். தினமும் பந்து போட்டுப் போட்டு தோள் வீங்கிடுச்சு."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ரெஸ்ட் எடுக்கச் சொன்னார். ஞாயித்துக்கிழமை ஸ்டேட் மேட்ச் இருக்கே! ஆடினாத்தான் போர்டு எக்ஸாம்ல கிரேஸ் மார்க்."

"பேனா பிடிக்கவே முடியல, ஆன்ட்டி," என்றாள் பெண், மெதுவாக.

"அதான் நீ சொல்லச் சொல்ல உனக்குப் பதிலா எழுத, ஒன்பதாவது படிக்கிற பொண்ணு ஒருத்தியைப் பேசி வெச்சிருக்கோமே," என்று மாலதி பின்னலை இறுக்கினாள்.

பரீட்சை எழுத ஆள் கிடைத்துவிட்டது. அவளுக்குப் பதிலாக வலியைத் தாங்கவும் யாராவது இருந்தால் சொல்லுங்கள், மாலதியிடம் அனுப்பிவைக்கிறேன்.