தயவுசெய்து எடுக்காதீர்கள்

இலங்கையில் போர் முடிந்த வருடம், பள்ளிக்கூட இலையுதிர்கால விடுமுறைக்கு நாங்கள் எகிப்துக்குப் போனோம். பாலைவனத்துக்கு நடுவே புதிதாகத் திறந்த ஹோட்டல். புதிது என்பதால் மலிவு. மகள் கணினியில் கண்டுபிடித்தாள், மனைவி சம்மதித்தாள், நான் பயந்தேன். எங்கள் வீட்டில் வேலைகள் எப்போதும் இப்படித்தான் பிரிந்திருக்கும்.

எனக்குத் தேளுக்குப் பயம், மணற்புயலுக்குப் பயம், விமானத்தைத் தவறவிடப் பயம். டென்மார்க்கில் நாங்கள் இருந்த கிரின்ஸ்டெட்டிலிருந்து விமானநிலையம் இருபது நிமிடம்தான். இரண்டு பேரையும் நாலு மணித்தியாலம் முந்தியே கூட்டிக்கொண்டு போய், ஆளில்லாத மேசைக்கு முன்னால் வரிசையில் நிறுத்தினேன். வரிசையில் எங்களைத் தவிர யாருமில்லை.

ஆனால் பெரிய பயம் தம்பியைப் பற்றியது. அவன் வவுனியாவில், போருக்குப் பிறகு சனங்களை அடைத்து வைத்த முகாமுக்குள் இருந்தான். அவனுடைய பக்கத்தில் ஒரே ஒருவரிடம்தான் கைத்தொலைபேசி. அதில் எங்கள் வீட்டுக்கு ஒரு மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவான். ஒரு மணி என்றால் 'உயிரோடு இருக்கிறேன், திருப்பி எடு' என்று அர்த்தம். நான் தொலைபேசி அட்டையைச் சுரண்டி, நம்பர் அடித்துத் திருப்பி எடுப்பேன். எங்கள் ஆட்கள் யாரும் அந்த முதல் மணிக்குக் கையை நீட்டமாட்டார்கள். எடுத்தால் அங்கே காசு போய்விடும். டென்மார்க்கில் பிறந்த என் மகளுக்குக்கூட நடக்கப் பழகும்போதே இது தெரியும்.

ஹோட்டலில் கைத்தொலைபேசிக்குச் சிக்னல் கிடையாது என்று அவள் வாசித்துச் சொன்னாள். அதனால் கடைசியாகக் கதைத்தபோது ஹோட்டல் நம்பரைத் தம்பிக்கு இரண்டு தரம் சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைத்தேன். "விடப்போகினமாம் எண்டு கதை அடிபடுது, அண்ணை. விட்ட உடனை அடிப்பன்" என்றான். அதன்பிறகு மூன்று வாரமாக ஒரு மணியும் இல்லை. பழைய நம்பருக்கு எடுத்தால் அதுவும் ஓய்ந்து கிடந்தது.

"நான் வீட்டிலை நிக்கிறன். நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ" என்றேன்.

"இஞ்சேருங்கோ, ரெலிபோனுக்குக் காவல் இருக்கவோ டென்மார்க்குக்கு வந்தனீங்கள்? நம்பர் குடுத்தாச்செல்லோ. வெளிக்கிடுங்கோ" என்றாள் மனைவி.

ஹோட்டல் சொன்னதுபோலவே புதிது. கதிரைகளில் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. பேரீச்ச மரங்கள் இடுப்பில் சாக்கு சுற்றி, முந்தாநாள் வந்திறங்கிய அகதிகள்போல் நின்றன. நீச்சல்குளத்தில் முழங்காலளவு தண்ணீர். மிச்சம் நாளைக்கு வரும் என்றார்கள். எங்களைத் தவிர இரண்டே குடும்பங்கள், வேலையாட்களோ ஏராளம். சாப்பாட்டு மேசையில் என் கரண்டி விழுந்தபோது மூன்று பேர் குனிந்து தலையை இடித்துக்கொண்டார்கள்.

மனைவியும் மகளும் ஒட்டகத்தில் ஏறப் போனார்கள். நான் அறைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தேன். அது வேலை செய்கிறதா என்று அடிக்கடி தூக்கிப் பார்ப்பேன். தூக்கிய நேரம் பார்த்துத் தம்பி அடித்துவிட்டால் என்று பயந்து உடனே வைப்பேன். இரண்டு நாள் இப்படியே போனது.

மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டுக்குப் போகும்போது, வரவேற்பு மேசையில் நின்ற மீசைக்காரர் எங்களை மறித்து இங்கிலீசில் ஏதோ கேட்டார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். என் இங்கிலீசு விமானநிலைய வாசலோடு முடிந்துவிடும். மகள் கேட்டு எனக்கு டேனிஷில் சொன்னாள். தினமும் இந்த நேரத்துக்கு யாரோ தொலைபேசி அடிக்கிறார்களாம், இவர் வணக்கம் சொன்னதும் வைத்துவிடுகிறார்களாம், எங்களுக்கு யாரென்று தெரியுமா?

நான் மகளிடம் திரும்பினேன். "எத்தினை தரம் மணி அடிச்ச பிறகு எடுத்தவராம்?"

மீசைக்காரர் நெஞ்சில் கை வைத்தார். முதல் மணி முடியுமுன்பே எடுத்துவிடுவாராம். அப்படித்தான் பயிற்சி கொடுத்தார்களாம்.

"நம்பர் விழுந்திருக்கோ எண்டு கேள்."

எடுக்காமல் விட்ட அழைப்பின் நம்பரைத்தான் அந்தக் கருவி வைத்திருக்கும். ஹோட்டல் திறந்ததிலிருந்து இவர் ஒன்றையும் விட்டதில்லை.

"இனி எடுக்க வேண்டாம் எண்டு சொல்லு."

மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு, வெட்கக்கேடு என்று டேனிஷில் முனகினாள். ஆனாலும் சொன்னாள். மீசைக்காரர் மனேஜரைக் கூப்பிட்டார். தொலைபேசியை எடுக்க வேண்டாம் என்று கெஞ்சும் விருந்தாளியை மனேஜர் மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளை, இது எங்கடை ஆக்களின்ரை வழக்கமெண்டு சொல்லு" என்றாள் மனைவி. "அவரின்ரை தம்பி முகாமிலை எண்டும் சொல்லு."

இரண்டையும் கேட்ட மனேஜர் மத்தியானம் வரைக்கும் சம்மதித்தார். மீசைக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தட்டு ஏந்திய பணியாளர்களும் வந்து நின்றார்கள்.

தொலைபேசி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மீசைக்காரர் நெற்றியில் வியர்த்தது. எட்டாவதில் ஓய்ந்தது. நம்பரைப் பார்த்த மனேஜர், ஹோட்டல் முதலாளி என்று மெல்லச் சொன்னார். திருப்பி எடுக்க அவர் உள்ளறைக்கு ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. ஒரே மணி. நின்றுவிட்டது. சின்னத் திரையில் இலங்கை நம்பர். மீசைக்காரர் தன் கையாலேயே அதை அடித்து என்னிடம் நீட்டினார்.

"ஆரண்ணை அந்த ஆள்?" என்றது தம்பியின் குரல். "நான் அடிக்க முதலே எடுக்கிறான். கிடந்த காசெல்லாம் அவனோடையே போச்சு."

"எங்கையடா நிக்கிறாய்?"

"மாமி வீட்டை. விட்டிட்டாங்கள். போன கிழமை."

மனைவி என் முதுகில் கை வைத்தாள். என் காதோடு ஒட்டி நின்ற மகள் எல்லாவற்றையும் மீசைக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தம்பி தொடர்ந்தான். "அது கிடக்கட்டும். நீங்கள் ஏன் பாலைவனத்துக்குப் போனனீங்கள்? உள்ளுக்கை போட்டு வைச்சிருக்கினமோ? தண்ணி தாறாங்களோ?"

"தாறாங்கள். குளத்துக்குள்ளைதான் கொஞ்சம் குறைவு."

"எப்ப விடுவினமாம்?"

"சனிக்கிழமை."

"பயப்பிடாதேங்கோ அண்ணை" என்றான். "அஞ்சு நாள்தானே."