முடிச்சுக்காரர் மீது கொலை முயற்சி வழக்கு

முப்பது வருடமாக மாடிச் சுவர்களில் கயிற்றுச் சாரம் கட்டித் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடித்தவர் அவர். எல்லோருக்கும் அவர் முடிச்சுக்காரர்தான். அவர் போட்ட முடிச்சை அவரேதான் அவிழ்க்க வேண்டும். சம்பந்தி வீட்டில் மூட்டை கட்டக்கூட அவரைக் கூப்பிட ஆள் அனுப்புவார்கள். போய்க் கட்டிவிட்டு, "யானை இழுத்தாலும் வராது" என்று சொல்லாமல் திரும்ப மாட்டார்.

அப்பேர்ப்பட்டவரின் பெயின்ட் வாளி ஒருநாள் காலை மூன்றாவது மாடியிலிருந்து கயிற்றை விட்டுக் கழன்று விழுந்தது. கீழே போய்க்கொண்டிருந்தவர் தையல்காரர். தோளெலும்பு முறிந்து, தலை முதல் கால் வரை நீலமாகி, நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார் பாவம்.

இருவரும் இருபது வருட சிநேகிதர்கள். ஆனால் தையல்காரர் தன் புது வீட்டுக்கு வேறொரு பெயின்டரை அமர்த்திவிட்டார். அது தெரிந்து முந்தின நாள்தான் முடிச்சுக்காரர் கடைக்கே போய், நாலு பேர் முன்னால், "உன்னைத் தீர்த்துக்கட்டாம விடமாட்டேன்" என்று கத்திவிட்டு வந்திருந்தார். போலீசுக்கு வேறென்ன வேண்டும்? கொலை முயற்சி வழக்கு. நிரூபித்துவிட்டால் பத்து வருடம் உள்ளே.

ஜாமீனில் வந்தவரை எதிரே உட்காரவைத்து, தப்பிக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார் வக்கீலம்மா. அந்த நேரத்தில் வேறு இடத்தில் இருந்தார் என்று சொல்லலாமா? தெருவே அண்ணாந்து பார்த்திருக்கிறது. தற்காப்பு? தையல்காரர் கையில் இருந்தது ஒரு இன்ச் டேப். புத்தி சுவாதீனம் இல்லை என்றால்?

"அதுக்கு நான் சாட்சி சொல்றேம்மா" என்று உடனே முன்வந்தார் மனைவி.

வக்கீலம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "கொல்லணும்ங்கற எண்ணம் இருந்துச்சுன்னு அவங்க நிரூபிக்கணும். இல்லைன்னா கேஸ் நிக்காது. முடிச்சு சரியா விழல, வாளி நழுவிடுச்சு. இதைச் சொல்லுங்க, போதும்."

"என் முடிச்சு நழுவாதும்மா."

"அப்போ நீங்களே அவுத்து விட்டீங்களா?"

"ஐயய்யோ, நான் ஏன் அவுக்கறேன்?"

"பின்ன எப்படிங்க விழுந்துச்சு?"

மனுஷன் ஜெயிலுக்குப் போகத் தயார், முடிச்சை விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. இந்த வீம்பை வைத்துக்கொண்டு ஒருவர் எப்படித்தான் இத்தனை வருடம் குடும்பம் நடத்தினாரோ.

ஒரு வருடம் கழித்து விசாரணை வந்தது. அவர் நல்லவர் என்று சொல்வதற்காக வந்த மேஸ்திரி, நல்லவர் என்பதோடு நிறுத்தவில்லை. அரசு வக்கீல் மெல்லக் கேட்டார்: "அவர் போட்ட முடிச்சு தானா அவிழுமா?"

"வாய்ப்பே இல்லைங்க" என்றார் மேஸ்திரி, மார்பை நிமிர்த்திக்கொண்டு. வக்கீலம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

அடுத்து முடிச்சுக்காரர் கூண்டில் ஏறினார். மனைவி இருந்த பக்கம் பார்த்தார். எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவருடைய வீம்பெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"ரெண்டு சுத்து சுத்தணுங்க. அன்னைக்கு ஒண்ணுதான் சுத்தினேன்" என்றார். "இருபது வருஷம் பழகினவன் என்னை விட்டுட்டு வேற ஆளைக் கூப்பிட்டானேன்னு மனசே ஆறல. கட்டும்போது கண்ணுல தண்ணி, கயிறே தெரியல. அவனைக் கொல்ல நினைக்கலீங்க. ஆனா முடிச்சு தப்பு. தப்பா போட்டது நான்தான்."

சாட்சிகள் பெஞ்சில் தையல்காரர் மூக்கை உறிஞ்சுவது எல்லோருக்கும் கேட்டது.

கொல்லும் எண்ணம் இல்லை என்று கொலை முயற்சி வழக்கு தள்ளுபடியானது. கவனக்குறைவுக்கு அபராதம் மட்டும். ஆனால் அதற்குப் பிறகு முடிச்சுக்காரரை யாரும் மாடி வேலைக்குக் கூப்பிடவில்லை. இரண்டு மாதம் வீட்டில் சும்மா இருந்தார்.

ஒருநாள் தையல்காரர் வந்து வாசலில் நின்றார். "அந்த ஆளு அடிச்சது அதுக்குள்ள உரியுது. நாளைக்கு வந்துடு."

மறுநாள் முடிச்சுக்காரர் சாரத்தில் ஏறி, வாளியைத் தொங்கவிட்டு, இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார். இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்துப் பார்த்தார். குனிந்து பார்த்தால், தையல்காரர் நாற்காலியை இழுத்து வந்து சரியாக வாளிக்கு நேர் கீழே போட்டு, ஒரு சட்டைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்திருந்தார்.

"தள்ளி உட்காருப்பா."

"இங்கதான் வெளிச்சம் இருக்கு" என்றார் தையல்காரர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.