மவுண்டுக்கு அடியில் இருந்த டியூப் துண்டு

"ஏன் ராசு, ஒம் மக இஞ்சினுக்கு அடியில படுத்து என்னத்தய்யா கண்டுபிடிக்கப் போறா? வேற ஆளு இல்லையா?"

மார்க்கையன்கோட்டை எஸ்டேட்காரர் என் அப்பாவிடம் இப்படிக் கேட்டார். அப்பா அவருடைய கார் டிரைவர். பத்தொன்பது வருடமாக அதே டீசல் கார். சின்னமனூரில் நான் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்புக்கு அதை ஜீப்பில் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்து, வேலையில் சேர்ந்து இரண்டாவது வருடம். அப்பா பானெட்டைத் திறந்துவிட்டார்.

கம்பம்மெட்டு ஏற்றத்தில் இஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஃபேன் ரேடியேட்டரைக் கிழித்திருந்தது. இஞ்சினைத் தாங்கும் இடது பக்க மவுண்ட் பிராக்கெட்டை இஞ்சின் பிளாக்கோடு பிடிக்கும் போல்ட்டுகள் மூன்று. இரண்டு அறுந்து, பாதி உள்ளேயே நின்றுவிட்டது. மூன்றாவது மரையை உருவிக்கொண்டு வெளியே வந்திருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் கிளட்ச் மாற்றும்போது அந்த மவுண்டைக் கழற்றி மாட்டியவர் எங்கள் சீனியர் மெக்கானிக் பாண்டி அண்ணன்.

"டார்க் ரென்ச் வச்சு அளவு பாத்துத்தான் முறுக்குனேன்" என்றார் அவர்.

"முறுக்குன போல்ட்டு எப்படிய்யா அறும்? நாளையிலருந்து வேற எடம் பாத்துக்க" என்றார் ஒர்க்‌ஷாப் முதலாளி. போல்ட்டை எடுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்.

உடைந்த முகம்

இஞ்சினுக்கு ஜாக்கி கொடுத்து பிராக்கெட்டை இறக்கினேன். ட்ரில் மிஷினை எடுக்கும் முன் லைட் அடித்து, போல்ட் அறுந்த முகத்தைப் பார்த்தேன். முக்கால் பங்கு கறுத்து வழவழப்பாக இருந்தது. ஓரம் மட்டும் பளபளத்தது. அப்படி இருந்தால் போல்ட் ஒரே நாளில் அறுந்ததல்ல. பல நாளாக ஆடி ஆடி விரிசல் விட்டிருக்கிறது.

பிராக்கெட்டைத் திருப்பினேன். லாரி டியூப் துண்டு ஒன்றை இரண்டாக மடித்து, போல்ட்டுக்கு அளவாக மூன்று ஓட்டை வெட்டி, யாரோ வைத்திருந்தார்கள். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் ரப்பர். அது நசுங்க நசுங்க போல்ட்டின் பிடி விட்டுப் போகும்.

அப்பா பக்கத்தில்தான் நின்றார்.

"நீங்க வச்சதாப்பா?"

"ஏத்தத்துல அதிருது, அதிருதுன்னு ஐயா சொல்லிக்கிட்டே இருந்தாக. கிளட்ச் போட்டு ரெண்டு வாரம் கழிச்சு வச்சேன். கார் ஸ்டாண்டுல எல்லாரும் வைக்கிறாக ஆத்தா."

"பாண்டி அண்ணன வேலைய விட்டு அனுப்பப் போறாகப்பா."

கீழே குனிந்து, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: "அத ஸ்கிராப் டிரம்முல போட்டுரு ஆத்தா."

நான் போடவில்லை. டியூப் துண்டையும் பிராக்கெட்டையும் தட்டில் வைத்து எடுத்துப் போனேன். "பாண்டி அண்ணன் முறுக்குனது சரிதான். இத வச்சது எங்கப்பா" என்று இரண்டு முதலாளிகளிடமும் சொன்னேன்.

எஸ்டேட்காரர் துண்டைப் புரட்டிப் பார்த்தார். "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்யா" என்றார். அதே மூச்சில் அப்பாவிடம் கையை நீட்டினார். "சாவியக் குடு ராசு. மலை ஏறுற வண்டி. இனி ஒன்ன நம்பி ஏற முடியாது."

சாவிக்கொத்திலிருந்து எங்கள் வீட்டுச் சாவியை மட்டும் கழற்றிக்கொண்டு மீதியைக் கொடுத்தார் அப்பா.

மீதி வேலை

வண்டியை நான்தான் முடித்தேன். அறுந்த போல்ட் ஒவ்வொன்றின் நட்டநடுவிலும் பஞ்ச் அடித்து, ட்ரில் போட்டு, சுற்றிலும் சூடு காட்டி, உடைந்த போல்ட்டைக் கவ்வும் ஈஸி அவுட்டால் சுற்றி எடுத்தேன். மரை போன ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை தரும் ஹெலிகாயில் சுருளைப் போட்டேன். செத்துப்போயிருந்த மவுண்ட் ரப்பரையும் மாற்றினேன். அதிர்வுக்குக் காரணமே அதுதான். பாண்டி அண்ணனை முதலாளி அனுப்பவில்லை. அவர்தான் லைட்டை எனக்கு வேண்டிய இடத்தில் பிடித்தார்.

அப்பா இப்போது கூலிக்கு வாழைத்தார் ஏற்றப் போகிறார். "அவளச் சாப்பிடச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்வார். என்னிடம் நேராகப் பேசுவதில்லை.

தொழிலுக்குப் புதிதாக வரும் தங்கச்சிகளுக்கு ஒன்று சொல்வேன். துளை போடும் முன் உடைந்த முகத்தைப் பாருங்கள். ட்ரில் இறங்கிவிட்டால் அது போய்விடும். அன்று முதலாளிகளிடம் நான் சொன்னது சரிதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டு வருடம் ஊரார் வண்டிக்கெல்லாம் அடியில் படுத்தவள், அப்பா ஓட்டும் வண்டி எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்த மவுண்ட் ரப்பரை அப்போதே மாற்றியிருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை லீவு. ஸ்பானர் பையோடு கம்பம் கார் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கிருந்த டிரைவர்களிடம், மவுண்டைக் காசு வாங்காமல் பார்த்துத் தருகிறேன் என்றேன்.

"அப்பன் சாவியப் புடுங்கிக் குடுத்த புள்ள வந்துருச்சுடா, வண்டிய எடுங்கடா" என்றார் ஒருவர். மூன்று வண்டிகள் கிளம்பிப் போயின.

ஒரு பெரியவர் மட்டும் கதவில் சாய்ந்தபடி கேட்டார்: "ராசு மகளாம்மா நீ?"

"ஆமாங்கய்யா" என்று சொல்லிவிட்டு, சாக்கை விரித்து அவர் வண்டிக்கு அடியில் போனேன்.