மூச்சு விடாத போத்தல்

ஸ்ஸ். ரப்பர் வளையத்தின் நாக்கை இழுத்தால், சரியாக மூடிய இறைச்சிப் போத்தல் அப்படி ஒரு மூச்சு விடும். யார் வீட்டில் அதைக் கேட்டாலும் எனக்கு முகம் சுடுகிறது. என்னுடையது மூச்சு விடவில்லை.

என்னோடு வேலை செய்யும் ஜெர்மன்காரர் வேட்டைக்குப் போகிறவர். காட்டுப்பன்றித் தொடை ஒன்று தந்து, அதைக் கண்ணாடிப் போத்தல்களில் அடைத்து அழுத்தத்தில் அவிக்கும் முறையும் சொன்னார். "ஆறியதும் மூடியை இறுக்கும் கவ்விகளைக் கழற்றிவிடு. மூடி தன்பாட்டில் பிடித்திருந்தால்தான் இறைச்சி நல்லது. பிறகு குளிரான இடத்தில் வை."

நான் கழற்றவில்லை. பூட்டிய கதவையே இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். இறுக்கிப் பிடிக்கிற கவ்வியை எப்படி எடுப்பேன்? போத்தல் விளிம்பெல்லாம் கறி எண்ணெய். அடுக்கியதோ நிலவறைக் கொதிகலனுக்குப் பக்கத்தில், ஈரம் படாதாம்.

நான் இருப்பது முதலாம் மாடி. மூன்றாம் மாடி அக்கா ஆஸ்பத்திரியால் வந்து ஒரு கிழமை. அவருக்கு ஒரு போத்தல் கொடுத்தேன். "ஒரு வருசம் இருக்கும் அக்கா, ஜெர்மன் முறை" என்று பெருமையையும் சேர்த்துத்தான்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் எனக்கென்று ஒன்றைத் திறந்தேன். கவ்வியை எடுத்ததும் மூடி வழுக்கிக் கையோடு வந்தது. சத்தமில்லை. கெட்ட மணமும் இல்லை. மணமே இல்லாமல் ஆளைக் கொல்லும் நஞ்சும் இறைச்சியில் உண்டாகும் என்று ஜெர்மன்காரர் சொன்னது அப்போதுதான் நெஞ்சில் இடித்தது. மற்றவற்றையும் பார்த்தேன். எல்லாம் அப்படியே.

ஓடியிருக்க வேண்டும். நான் தேத்தண்ணி போட்டேன். எப்படிச் சொல்வது, எந்தச் சொல்லில் தொடங்குவது என்று அரை மணித்தியாலம் வசனம் தேடினேன், தேநீர் ஆறும்வரை, ஆறிய பிறகும்.

ஏறிப் போனபோது அக்காவின் அடுப்பில் சட்டி.

"வாங்கோ தம்பி, உங்கட பண்டி இறைச்சிதான் கொதிக்குது."

"சாப்பிட்டிட்டியளோ?"

"இன்னும் சோறு வேகேல்லை."

"சாப்பிடாதேங்கோ அக்கா, உப்புக் கூடிப்போச்சு."

"அதுக்கென்ன, தேங்காய்ப்பால் விடுறன். ஆஸ்பத்திரிச் சூப்பு குடிச்ச வாய்க்கு உப்பு நல்லதுதான்."

பொய்யும் கைவிட்டது. "பழுது அக்கா. மூடி பிடிக்கேல்லை. நஞ்சா இருக்கலாம். எனக்கு அரை மணித்தியாலத்துக்கு முதலே தெரியும்."

அவர் அடுப்பை நூர்த்தார். கரண்டியோடு சட்டியையும் வெறும் போத்தலையும் பையில் போட்டு இறுக்கிக் கட்டினேன். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். கதவுவரை கூட வந்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"ஏறி வர ரெண்டு மாடிதானே தம்பி?"