கடல் தாண்டிப் போன மெஷின்

அமெரிக்க ஃபோர்மன் வீடியோ அழைப்பில் தன் கைபேசியைத் திருப்பி, வெளியே நின்ற தன் வண்டியின் பின்புறத்தைக் காட்டிய வெள்ளிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பின்கண்ணாடியில் பாதியை மறைத்தபடி ஒரு தேர்தல் ஒட்டி. வெளிநாட்டுப் பொருளுக்கு வரி போட்டு, போன வேலைகளை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவருவோம் என்று சொன்ன கட்சியின் ஒட்டி அது. ஜெர்மனியில் எர்லாங்கனுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தொழிற்சாலையில், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மைஸ்டர் அண்ணை சிரித்தார். "வரி வந்தால் முதல் அடி எனக்குத்தான்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த மனிதரும் சிரித்தார். அப்போது அது வெறும் பகிடி.

ஜெர்மனியில் ஒரு வேலைப் பிரிவை நடத்துவதற்கு மைஸ்டர் பரீட்சை எழுதித் தேற வேண்டும். அண்ணை அதை நாற்பது வயதுக்கு மேல் எழுதித் தேறியவர். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தவர், அகதியாக வந்து உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு தொழில் பழகி, வால்வு செய்யும் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பானார். நான் இங்கே பிறந்தவள். செய்து முடித்த வால்வுகளைச் சோதிப்பது என் வேலை. அந்த வேலை மண்டபத்தில் தமிழ் பேசியவர்கள் நாங்கள் இருவர்தான். தொழிற்சாலையின் உரிமையாளர்கள் அமெரிக்கர்கள். ஒஹாயோவில், அந்த ஃபோர்மன் இருந்த இன்னொரு தொழிற்சாலையும் அவர்களுடையது. இரண்டு பக்கத்து வேலையையும் ஒப்பிட்டுப் பேசுவதற்காக வாரம் ஒருமுறை அந்த அழைப்பு. அண்ணையின் ஆங்கிலம் எங்கள் மேலாளர்களுடையதைவிடத் தெளிவானது என்பதால் பேசும் பொறுப்பு அவருடையதாயிற்று.

வேலைப் பேச்சு விரைவில் முடிந்துவிடும். பிறகு ஊர்ப் பேச்சு. எங்களுடைய கோடை விடுமுறையின் நீளத்தைக் கேட்டு ஃபோர்மன் தலையில் கைவைத்தார். தான் அவ்வளவு நாள் போனால், திரும்பி வரும்போது தன் கதிரையில் வேறொருவர் இருப்பார் என்றார். எங்கள் சம்பளத்தில் வரியும் காப்புறுதியும் போக மிஞ்சுவதைக் கேட்டபோதோ அவர் எங்களுக்காக உண்மையாகவே வருந்தினார். அண்ணை இதையெல்லாம் மதிய இடைவேளையில் எனக்கு ஒரு வெளிநாட்டு நிருபரைப் போலச் சொல்லுவார். எந்தப் பக்கமும் சாயமாட்டார்.

அடுத்த ஆண்டு ஒஹாயோவில் வேலை குறைந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் ஃபோர்மனை அழைத்துச் சொல்லி, மதியத்துக்குள் வாசலுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய மனைவிக்குச் சிறுநீரக நோய். வேலையோடு மருத்துவக் காப்புறுதியும் போயிற்று. இங்கே ஒருவரை நிறுத்துவதானால் மாதக்கணக்கில் முன்னறிவித்தல், தொழிலாளர் குழு, பேச்சுவார்த்தை. ஒரே முதலாளியின் இரண்டு கூரைகளுக்குக் கீழே இத்தனை வித்தியாசம் இருந்ததை நான் அன்றுதான் கவனித்தேன்.

அந்தக் கோடையில் அண்ணை ரொறொன்ரோவில் இருக்கும் தமக்கை வீட்டுக்குப் போனார். அங்கிருந்து கார் எடுத்து, எல்லை தாண்டி, ஃபோர்மனின் ஊருக்கும் போய்வந்தார். அவர்கள் நேரில் சந்தித்தது அந்த ஒரு தடவைதான். தேவாலய வளவில் ஊர்ச்சனம் கோழி பொரித்து விற்று, மனைவியின் வைத்தியத்துக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்ததாம். அண்ணையும் ஒரு மேசைக்குப் பின்னால் நின்று சாப்பாடு பரிமாறியிருக்கிறார்.

"அங்க ஒருத்தருக்கு ஒண்டெண்டால் சனம் ஓடி வருகுது பிள்ளை, அரசாங்கம் வருகுதில்லை," என்றார் திரும்பி வந்து. "இஞ்ச அரசாங்கம் வருகுது. பக்கத்து வீட்டுக்காரன்ர பேர் எனக்குத் தெரியாது."

"எது நல்லது அண்ணை?"

"வருத்தம் வந்து படுத்தவனைத்தான் கேக்கவேணும்."

பிறகு வரி உண்மையிலேயே வந்தது. எங்கள் வால்வுகளில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கே போய்க்கொண்டிருந்தது. முதலில் வேலை நேரத்தைக் குறைத்தார்கள். பிறகு, வால்வின் விளிம்பைத் தீட்டும் மெஷினைக் கழற்றி ஒஹாயோவுக்கு அனுப்புவதென்று முடிவானது. எங்களில் பலருக்கு வேறு பிரிவுகளில் இடம் கிடைத்தது. அண்ணைக்கு ஓய்வை முன்கூட்டியே எடுக்கச் சொன்னார்கள். அவர் மெஷினின் பாகங்களை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவதை மேற்பார்வை பார்த்தார். முகத்தில் கோபத்தைத் தேடினேன், தென்படவில்லை.

ஒஹாயோவில் அந்த மெஷினை நடத்துவதற்கு ஃபோர்மனைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். அவர் கட்சி சொன்னது அவர் வரையில் நடந்துவிட்டது. ஆனால் மெஷின் மசியவில்லை. தீட்டிய வால்வெல்லாம் கசிந்தது. அவர் நிர்வாகத்துக்குச் சொல்லாமல் அண்ணையின் வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்து வழி கேட்டார். கடைசி வாரத்தில் அண்ணையோடு மண்டபத்தைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தபோது இதை அறிந்து எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணை, எங்கட வேலையைக் கொண்டுபோன மெஷின். அதை ஓட்டவும் நீங்களே சொல்லிக் குடுக்கிறியளோ?"

"ஓம்."

"ஏன்?"

அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். "மெஷின் ஓடாட்டி அந்த மனிசனைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். அவற்ற மனிசியின்ர இன்ஷூரன்ஸ் அந்த வேலையோடதான் வருகுது. எனக்கு வேலை போனாலும், வருத்தமெண்டால் டொக்டரிட்ட போறதுக்கு இன்ஷூரன்ஸ் அட்டை இருக்கு. பிறகென்ன பிள்ளை?"

நான் கூட்டிச் சேர்த்த குப்பையை அள்ளினேன். சில நாட்களில் கசிவு நின்றுவிட்டதென்று அறிந்தேன்.

இப்போது அந்த மண்டபம் ஒரு பார்சல் கிடங்கு. நான் வேலை செய்யும் இடத்தில் மதிய வேளையில் அமெரிக்காவைப் பற்றி எல்லோரும் உறுதியோடு பேசுகிறார்கள்: அந்த மக்களுக்கு அறிவில்லை என்கிறார் ஒருவர், அவர்கள்தான் கெட்டிக்காரர்கள் என்கிறார் மற்றவர். எனக்கு இரண்டு வாக்கியங்களும் முடிவதற்கு முன்னமே சலித்துவிடுகின்றன. போன மாதம் அண்ணையைப் பார்க்கப் போனேன். வெள்ளிக்கிழமை அழைப்பு இன்னும் நடக்கிறது. ஃபோர்மனின் மனைவி வைத்தியத்தில் இருக்கிறாராம், மோசமில்லையாம்.

"வரியைப் பற்றிக் கதைக்கிறனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஒருக்கா அவரே துவங்கினவர். உங்கட வேலை போகப்போகுது எண்டு தெரிஞ்சும் ஏன் சொல்லித் தந்தனீங்கள் எண்டு கேட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"கேள்வி விளங்கேல்லை எண்டு சொன்னன்," என்றார் அண்ணை. "என்ர இங்கிலீஷ் அவ்வளவு காணாது எண்டன். பிறகு அங்கத்தைய பனியைப் பற்றிக் கதைச்சனாங்கள்."