வெட்டிய மரத்தில் ஏறிய அணில்

மூன்று வருடத்துக்கு முன்பு, தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நடந்தது இது. புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள் நான். அந்த வருடம் சித்திரையில், துணி கொடுக்க வந்த ஒரு டீச்சர், "வாரத்துக்கு ஒரு நாள் ஒரு மரத்தப் பார்த்து எழுதணும், அவ்ளோதான். எங்க சங்கத்துக்கு வர்றீங்களா?" என்று கேட்டார். அவரும் சில நண்பர்களும் சேர்ந்து நடத்தும் இயற்கைச் சங்கம் அது. நாள் முழுக்கத் தையல் மெஷினைக் குனிந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்ட எனக்கு, அண்ணாந்து பார்க்கிற வேலை என்றதும் ஆசையாகிவிட்டது. சேர்ந்துவிட்டேன்.

சங்கத்தில் ஆளுக்கு ஒரு மரம். எனக்குக் கிடைத்தது இரண்டு தெரு தள்ளி நின்ற பூவரசு. சனிக்கிழமை காலையில் போய்ப் பார்த்து, கண்ணில் பட்டதை மட்டும் நோட்டில் எழுத வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டு மாடியில் கூடி எல்லோரும் வாசிப்போம். பதினோரு வருடம் அந்த மரத்தடியில் நடந்தவள், அதில் மஞ்சளும் சிவப்புமாக இரண்டு வகைப் பூ பூக்கிறது என்றே நினைத்திருந்தேன். காலையில் மஞ்சளாக விரிகிற பூதான் பிறகு சிவந்துபோகிறது என்று கண்டுபிடித்த அன்று வீட்டுக்காரரிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவர், "சோறு போடறியா, இல்ல பூவையே போடறியா?" என்றார்.

தீபாவளி நெருங்கியதும் தலைக்கு மேல் வேலை. அந்தச் சனிக்கிழமை மரம் பக்கமே போகவில்லை. மறுநாள் சங்கக் கூட்டம். கிளம்பும் அவசரத்தில் நோட்டை எடுத்து, "மரம் நலம். பூ நிறைய. புதுத் தளிர்" என்று எழுதினேன். வெறும் பூவும் தளிரும் என்றால் நம்புவார்களோ என்று, "அணில் ஒன்று ஏறியது" என்று ஒரு அணிலையும் சேர்த்தேன்.

அன்றைய கூட்டம் முக்கியமானது. எங்கள் பக்கத்துத் தெருவில் கால்வாய் வேலைக்காக ஏழு மரங்களை எடுக்கப்போவதாகப் பேச்சு. அவற்றை விட்டுவைக்கச் சொல்லி மனு எழுதி, எங்கள் நோட்டுகளின் நகலையும் இணைத்துக் கொடுப்பதாக முடிவு. மரங்களைப் பற்றி நாங்கள் சும்மா பேசவில்லை, வாராவாரம் பார்க்கிறோம் என்பதற்கு அதுதான் சாட்சி. நான் என் பக்கத்தைக் கணீரென்று வாசித்துக் கொடுத்துவிட்டு, தைக்க வேலை கிடந்ததால் மற்றவர்களுக்கு முன்பே கீழே இறங்கினேன்.

படியின் அடியில் ஆட்டோ ஓட்டும் தம்பி நின்றிருந்தார். அவரும் சங்கத்துக்காரர்தான். "அக்கா, தப்பா நெனைச்சிக்காதீங்க. உங்க பூவரச, கரண்ட் கம்பில இடிக்குதுன்னு வியாழக்கிழமையே வெட்டிட்டாங்க. நான் அந்த வழியாத்தான் சவாரி போனேன். அணிலு எதுல ஏறுச்சு?" என்றார்.

நான் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தேன். "மேல யார்கிட்டயும் சொல்லல. வாங்க, வீட்ல எறக்கி வுட்டுர்றேன்" என்றார் அவர். ஆட்டோவில் ஏறிப் போயிருக்கலாம். ஆனால் மனு கொடுத்த பிறகு யாராவது போய்ப் பார்த்தால்? இல்லாத மரத்தில் பூப்பறித்த கும்பல் என்று மொத்தச் சங்கத்தையும் பார்த்து அல்லவா சிரிப்பார்கள்? என் ஒரு வரியால் ஏழு மரங்களும் போய்விடும். வெட்கம் பிடுங்கித் தின்ன, மறுபடி படியேறினேன்.

எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அந்த மரத்தை வெட்டியதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேனே என்ற துக்கமும் அதில் இருந்தது. டீச்சர் திட்டவில்லை. நோட்டை நீட்டி, "கிழிக்க வேணாம். பார்க்காம எழுதினதுன்னு பக்கத்துல எழுதுங்க" என்றார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "வேற யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார்.

முதலில் ஒரு கல்லூரிப் பெண் கை தூக்கினாள். அப்புறம் இரண்டு பேர். கடைசியாக, பிரெஞ்சு அரசின் பென்ஷன் வாங்கும் பெரியவர், நாங்கள் பிரெஞ்சு மரியாதையில் 'முசே' என்று கூப்பிடுகிறவர், எங்கள் எழுத்துக்கெல்லாம் குறை சொல்கிறவர், மெதுவாகக் கையைத் தூக்கினார். "போன மாசம் மழை பெய்ஞ்சுது, முட்டி வலி. ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். அதுவும் சரியாத் தெரியல" என்றார். மாடியே சிரித்தது. அழுதுகொண்டிருந்த நானும் சிரித்துவிட்டேன்.

அன்றே தீர்மானம் மாறியது. கால்வாய் வேலை தொடங்கப் பொங்கல் தாண்டும் என்றார்கள். அதுவரை அந்த ஏழு மரங்களையே ஆளுக்கு ஒன்றாகப் புதிதாகப் பார்த்து எழுதினோம். எனக்குத் தெருக்கோடி வேம்பு. தைக்கும் அவசரத்தில் போக முடியாத, தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமைக்கு நேரே, "இன்று போகவில்லை. பார்க்கவில்லை" என்று எழுதினேன்.

பொங்கல் முடிந்ததும் மனுவோடு அந்தத் தாள்களைக் கொடுத்தோம். சில நாளில் ஒரு அதிகாரி அவற்றோடு நேரில் வந்தார். என் வேம்பின் கீழே நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தார். பொந்து இருக்கிறதா, பட்டை உரிந்திருக்கிறதா என்று சுற்றிவந்து பார்த்தார். 'பார்க்கவில்லை' என்ற வரி வந்ததும் நிறுத்தி, "என்னம்மா, இதக்கூடவா எழுதுவீங்க?" என்றார். "ஆமாங்க. அன்னிக்கு நான் வரல" என்றேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, மற்ற வரிகளைச் சரிபார்க்காமலே மனுவில் கையெழுத்துப் போட்டார்.

கால்வாயைக் கொஞ்சம் தள்ளி வெட்டினார்கள். ஒரு மரம் போனது, ஆறு இன்னும் நிற்கின்றன. அன்று படியேறாமல் ஆட்டோவில் ஏறியிருந்தால், என் எழுத்தை நானே நம்பாதவளாகப் போயிருப்பேன். தையல்காரி ஒருத்தியின் சொல்லை நம்பியும் அந்த மரங்கள் நிற்கின்றன என்று நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைந்துபோகிறது.